முழுகாமல் இருக்கும் பெண்ணுக்கு எதை நிறுத்துக் கொடுப்பது?



செஞ்சி வட்டாரத்துப் பனமலையில் நாங்கள் மளிகைக் கடை நடத்தி வருகிறோம். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலையும் அதிலுள்ள பார்வதி ஓவியத்தையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்து போவது உண்டு. மற்றபடி நெல்லும் மணிலாவும் நம்பியிருக்கும் ஊர்தான். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்காரர்கள். நூறு கிராம், ஐம்பது கிராம் என்று வாங்கிப் போகிறவர்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் ஓர் அம்மா வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். "அண்ணே, மருமவ முழுகாம இருக்கா. அஞ்சு மாசம். ரத்தம் கம்மியா இருக்குதுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. பாதாம் பருப்பு கால் கிலோ, பேரீச்சம்பழம் ஒரு டப்பா, மீதிக்குக் குங்குமப்பூ குடுங்க" என்றார்.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இதைவிட நல்ல கிராக்கி கிடையாது. மூன்றும் லாபம் நிற்கிற சரக்கு. பேரம் பேசவும் மாட்டார்கள். பிள்ளைத்தாச்சிக்கு என்றால் யாரும் விலை கேட்பதில்லை. நிறுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டால் ஐந்நூறும் நம்முடையது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஊறுமா என்ற கேள்வி அன்று எங்களைச் சற்று நிறுத்தியது. டாக்டரிடமும் நர்சிடமும் மாதம் ஒரு முறைதான் போகிறார்கள். நம்மிடம் தினமும் வருகிறார்கள். "எது நல்லது அண்ணே?" என்று நம்மைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை தெரிந்துகொள்ள முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

தராசில் வைத்துப் பார்த்தால்

கர்ப்பிணிக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது கணக்கு. 7-க்குக் கீழே போனால் அது ஆபத்தான நிலை. 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். அதாவது நம் கடைக்கு வருகிற கர்ப்பிணி வீட்டார் இருவரில் ஒருவருக்கு இது கதையல்ல, வீட்டு விஷயம். ரத்தம் குறைந்த பெண்ணுக்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு ஏற்பட்டால் தாங்காது. குழந்தையும் எடை குறைந்து பிறக்கலாம்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. "பேரீச்சம்பழம் சாப்பிட்டால் ரத்தம் ஊறும்" என்பது நம் கடைகளில் தலைமுறையாகச் சொல்லப்படும் வசனம். சொல்லி விற்றவர்களில் நாங்களும் உண்டு. ஆனால் நூறு கிராம் பேரீச்சையில் இரும்பு எவ்வளவு? நம் நாட்டின் பழைய அட்டவணையில் உலர்ந்த பேரீச்சைக்கு 7.3 மில்லிகிராம் என்று இருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணையோ ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான் என்கிறது. ரகத்துக்கு ரகம், காய்ச்சலுக்குக் காய்ச்சல் மாறும் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கொடுக்கிற இரும்பு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன. அதே 60 மில்லிகிராமைப் பேரீச்சையில் பெற வேண்டுமானால், தாராளமான கணக்குப்படி எண்ணூறு கிராமுக்கு மேல். கறாரான கணக்குப்படி ஆறு கிலோ. ஒரு நாளைக்கு! எந்தப் பெண் சாப்பிடுவாள், எந்த வீட்டில் வாங்கித் தருவார்கள்? போதாக்குறைக்கு, காய்கனி, பருப்பு வகைகளில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டுவது குறைவு. சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அதிலும் பெரும்பகுதி வீண். நம் ஊர்களில் எல்லாம் டீயோடுதான் முடிகிறது.

ஆகவே "இந்த டப்பாவைச் சாப்பிட்டால் மாத்திரை வேண்டாம்" என்ற பொருள்படும் ஒரு வார்த்தையும் நம் வாயிலிருந்து வரக்கூடாது. மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்ற பேச்சு கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதை நம்பி மாத்திரையைக் கூரையில் செருகிவிட்டு, அந்த மனக்குறையைப் போக்கப் பேரீச்சம்பழம் வாங்க வருகிறவர்கள் உண்டு. நாம் மறுத்துச் சொல்லாவிட்டால் அந்தத் தவறுக்கு நாமும் துணை.

அப்படியானால் பேரீச்சை வேண்டாமா?

வேண்டும். ஆனால் வேறு காரணத்துக்காக வேண்டும்.

மாத்திரையை நிறுத்திவிடும் பெண்களைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டே குறைகள் சொல்வார்கள்: குமட்டல், மலச்சிக்கல். கர்ப்ப காலத்தில் இயல்பாகவே வயிறு மந்தமாக இருக்கும். இரும்பு மாத்திரை அதைக் கூட்டும். இங்கேதான் உலர்பழம் உதவுகிறது. நூறு கிராம் பேரீச்சையில் எட்டு கிராம் அளவுக்கு நார்ச்சத்து உண்டு. உலர் அத்தியில் அதைவிடச் சற்று அதிகம். இரண்டு அத்திப்பழத்தையோ ஒரு கைப்பிடி கறுப்புத் திராட்சையையோ இரவில் ஊறவைத்துக் காலையில் தண்ணீரோடு சாப்பிட்டால் வயிறு இளகும். மாத்திரையையும் தொடர்ந்து விழுங்க முடியும். மாத்திரைக்கு மாற்று என்று விற்பதைவிட மாத்திரைக்குத் துணை என்று விற்பது நேர்மையானது. நமக்கு வியாபாரமும் கெடவில்லை. வாங்குகிறவரிடம் இரண்டு எலுமிச்சம்பழமும் சேர்த்து வாங்கிப் போகச் சொல்லலாம். புளிப்பு இரும்பு ஒட்டுவதற்கு உதவும், நெல்லிக்காயும் அப்படியே.

பேரீச்சையைப் பற்றி வெளிநாட்டு ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. ஜோர்டான் நாட்டு மருத்துவர்கள் 2007-08-இல், பிரசவத் தேதிக்கு முந்தைய நான்கு வாரங்கள் தினம் ஆறு பேரீச்சம்பழம் சாப்பிட்ட 69 பெண்களையும், சாப்பிடாத 45 பெண்களையும் கவனித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பிட்டவர்களில் 96 சதவீதம் பேருக்குத் தானாகவே வலி எடுத்தது. மற்றவர்களில் 79 சதவீதம். சிறு எண்ணிக்கைதான், சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையும் அல்ல. இதை வைத்துக்கொண்டு "சுகப்பிரசவம் நிச்சயம்" என்று அட்டை எழுதித் தொங்கவிடக் கூடாது. ஆனால் ஒன்பதாம் மாதத்தில் நாலைந்து பழம் கொடுப்பதில் கெடுதல் எதுவும் காணப்படவில்லை என்பது நல்ல செய்தி.

தமிழ்நாடு அரசும் பேரீச்சையைத் தள்ளவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018-இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது, அதில் 4,000 ரூபாயை இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகக் கொடுத்தார்கள். சத்துமாவு, ஆவின் நெய், இரும்பு டானிக் ஆகியவற்றோடு ஒரு கிலோ பேரீச்சையும் அதில் இருந்தது. அரசுப் பெட்டகத்தில் பேரீச்சையோடு இரும்பு டானிக்கையும் வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பழம் மட்டும் போதும் என்று அவர்களும் நினைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் கர்ப்பிணிக்கும் இனிப்பு ஆகாது. கர்ப்ப காலச் சர்க்கரை நோய் நம் மாநிலத்தில் சாதாரணம் இல்லை. சென்னை மருத்துவர் வி.சேஷையாவும் அவரது குழுவினரும் தமிழ்நாட்டில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம் பேருக்கும், கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கும் அது இருந்தது. கிராமத்திலேயே பத்தில் ஒருவர்! குளுக்கோஸ் கரைசல் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை 2007 முதல் நம் மாநிலத்தில் எல்லாக் கர்ப்பிணிக்கும் செய்யப்பட வேண்டும் என்றாகிவிட்டது. ஆகவே "சர்க்கரை டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று நாம் கேட்பது அதிகப்பிரசங்கம் ஆகாது. இருக்கிறது என்றால் பேரீச்சை, திராட்சை, தேனில் ஊறவைத்த அத்தி இவற்றைத் தள்ளி வைத்து, "டாக்டரைக் கேட்டுட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட வேண்டும். தேன் அத்தி, தேன் நெல்லி என்று கண்ணாடிப் புட்டிகளில் வருபவை பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறியவை. கேக்கில் போடும் டூட்டி புரூட்டியும் சிவப்புச் செர்ரியும் உலர்பழமே அல்ல, சர்க்கரையும் சாயமும்தான். அவற்றைக் கலந்து "மிக்ஸ்" என்று கர்ப்பிணிக்குக் கட்டிக் கொடுக்காதிருப்போம்.

பாதாமும் மல்லாட்டையும்

கடலில் ஏறி வருகிற பாதாமுக்கு உள்ள மரியாதை, பக்கத்து வயலில் விளைகிற மல்லாட்டைக்கு இல்லை. கர்ப்பிணிக்கு மிகத் தேவையான ஒன்று போலேட் என்ற சத்து. குழந்தையின் முதுகுத் தண்டும் மூளையும் குறையில்லாமல் அமைய அதுதான் வேண்டும். நூறு கிராம் பச்சை மல்லாட்டைப் பயறில் இது 240 மைக்ரோகிராம் அளவுக்கு உள்ளது. பாதாமில் ஐம்பதைத் தொட்டால் அதிகம். வறுக்கும்போது ஒரு பகுதி போய்விடும். அப்படியும் பாதாமுக்கு மேல்தான். புரதம் மல்லாட்டையில் 25 கிராம், பாதாமில் 21. பாதாம் முந்துவது சுண்ணாம்புச் சத்திலும் வைட்டமின் 'இ'யிலும்தான். சுண்ணாம்புச் சத்துக்கு நம்மிடம் எள் இருக்கிறது. தோல் நீக்காத எள்ளில் அது பாதாமைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

பாதாம் கால் கிலோ வாங்குகிற காசுக்கு மல்லாட்டைப் பயறு ஒரு கிலோவுக்கு மேலேயே வரும். அந்த ஐந்து மாதக் கர்ப்பிணி வீட்டில் கால் கிலோ பாதாம் எத்தனை நாள் நிற்கும்? குழந்தைகள் கையை நீட்டினால் இரண்டு நாள். நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி அவித்த மல்லாட்டை, ஒரு எள்ளுருண்டை என்றால் பல வாரம் ஓட்டலாம். கர்ப்பிணிக்குக் கூடுதலாக வேண்டிய சக்தி நாளொன்றுக்கு 350 கலோரி என்று கணக்கு. முப்பது கிராம் பருப்பு எதுவாயினும் 170 கலோரி தந்துவிடும். எனவே எந்தப் பருப்பானாலும் ஒரு கைப்பிடிதான். வாங்க வசதி உள்ளவர்கள் பாதாமும் அக்ரூட்டும் தாராளமாக வாங்கட்டும். நாமும் தாராளமாக விற்போம். இல்லாதவர் கடன் சொல்லிப் பாதாம் வாங்குவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறோம். முந்திரியிலும் இதே கதை. டபிள்யூ 180 என்ற பெரிய முழுப்பருப்புக்கும், உடைத்த துண்டுக்கும் விலையில்தான் வித்தியாசம், சத்தில் இல்லை. பண்ருட்டியிலிருந்து துண்டு முந்திரி எடுத்து வைத்திருக்கிறவர்கள் அதைக் கூச்சமில்லாமல் காட்டலாம்.

மல்லாட்டை பித்தம், எள் சூடு, கருவைக் கலைத்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சமையலில் சேர்க்கிற அளவுக்கு எள் சாப்பிட்டுக் கரு கலைந்ததாக மருத்துவ நிரூபணம் இல்லை. ஆனால் வீட்டுப் பெரியவர்களை எதிர்த்து வாதாடி எள் விற்க வேண்டும் என்ற கட்டாயமும் நமக்கு இல்லை. மல்லாட்டையைப் பற்றி இங்கிலாந்திலும் ஒரு பயம் இருந்தது. ஒவ்வாமை உள்ள குடும்பத்துக் கர்ப்பிணிகள் வேர்க்கடலையைத் தவிர்க்கலாம் என்று 1998-இல் அந்நாட்டு அரசு அறிவுரை கூறியது. போதிய ஆதாரம் இல்லை என்று 2009-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவளுக்கே கடலை ஒத்துக்கொள்ளாது என்றால்தான் விலக்கு. உப்புப் போட்டு வறுத்த பிஸ்தாவும் கடலையும் மட்டும் ரத்தக் கொதிப்பு உள்ள கர்ப்பிணிக்கு வேண்டாம்; கால் வீக்கம், கொதிப்பு என்று பேச்சு வந்தாலே உப்பில்லாததை எடுத்துக் கொடுங்கள்.

நம் பொறுப்பு மூட்டையில் இருக்கிறது

எதைச் சாப்பிட வேண்டும் என்பதை டாக்டரும் சொல்லலாம். அது சுத்தமாக இருக்கிறதா என்பதை நம்மைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது. இதைத்தான் சற்று விரிவாகப் பேச நினைக்கிறோம்.

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. ஆராய்ந்து பார்த்ததில், தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்ததும், அந்தப் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சே கொன்றதும் தெரிந்தது. அந்த நஞ்சின் பெயர் அப்ளாடாக்சின். ஈரப்பதம் போகாத மல்லாட்டை, சோளம், வத்தல் மிளகாய், பருப்பு வகைகள், உலர் அத்தி எல்லாவற்றிலும் இது வரும். கல்லீரலைக் கெடுக்கும், நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவிலுள்ள குழந்தையையும் சென்றடையும். வறுத்தால் முழுவதும் போகாது, அவித்தாலும் போகாது. கண்ணுக்குத் தெரியாத அளவிலும் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் பருப்பு வகைகளுக்கு வைத்திருக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம்; அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் பத்துப் பதினைந்து பங்கு.

நம் பகுதியில் அறுவடை மழையோடு மோதும்போது காய் சரியாகக் காய்வதில்லை. தோலுரித்த பயறில் ஈரம் ஏழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் சேமிக்கத் தகாது. காதருகே வைத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், பல்லில் கடித்தால் நொறுங்க வேண்டும் என்று பெரியவர்கள் வைத்திருந்த சோதனை இன்றைக்கும் பயன்படும். சுருங்கியவை, நிறம் மாறியவை, பச்சை அல்லது கறுப்புப் பொடி படிந்தவை, ஓட்டைப் பயறு இவற்றைப் பொறுக்கி எடுத்தாலே நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். நஞ்சு எல்லாப் பயறிலும் சமமாக இருப்பதில்லை; சில கெட்ட பயறுகளிலேயே குவிந்திருக்கும். பொறுக்கும் வேலைக்கு ஒரு ஆள் கூலி ஆகும். அந்தக் கூலியை மிச்சம் பிடிப்பது சரியல்ல.

பொறுக்கிய சொத்தையை என்ன செய்கிறோம்? இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. குப்பையில் கொட்ட மனம் வராமல் செக்குக்கு அனுப்புகிற வழக்கம் நம் தொழிலில் உண்டு. நாங்களும் ஒரு காலத்தில் அனுப்பியிருக்கிறோம். சுத்திகரிக்காத செக்கு எண்ணெயில் அந்த நஞ்சில் ஒரு பகுதி இறங்கும். மீதி பிண்ணாக்கோடு மாட்டுத் தொட்டிக்குப் போகும். மாடு தின்றால் பாலில் வேறு உருவில் வரும். அந்தப் பாலை வாங்கிக் குடிப்பது யார்? நம்மிடம் "ரத்தம் கம்மி" என்று வந்த அதே பெண். சொத்தைப் பயறு எண்ணெய்க்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. எரிப்பதுதான் வழி.

மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை கடையில் நடக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் வாரத்துக்கு விற்கிற அளவு மட்டும் கொள்முதல் செய்தால் பாதிக் கவலை தீரும்.

முந்திரி, அக்ரூட்டில் வருவது வேறு கேடு. எண்ணெய் காறிச் சிக்கு வாடை அடிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு ஒரு மொத்த வியாபாரியிடம் இரண்டு டின் முந்திரி எடுத்தோம். மேலே உள்ள பருப்பு வெள்ளைவெளேர் என்று இருந்தது. அடியில் போன வருடத்துச் சரக்கு. வளைகாப்புக்குப் பாயசம் வைத்த வீட்டிலிருந்து பொட்டலம் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து டின்னைப் பிரித்ததும் அடிவரை கையை விட்டு நாலு பருப்பை எடுத்து வாயில் போட்டுப் பார்க்காமல் எடை போடுவதில்லை. சில்லறைக் கடையில் மேல் அலமாரியில், வெயில் படும் கண்ணாடிப் புட்டியில் மாதக்கணக்கில் அழகுக்கு நிற்கிற பருப்பும் இதே கதிதான்.

பேரீச்சையில் மேலே வெள்ளை பூத்திருந்தால் பலரும் கெட்டது என்று தள்ளுவார்கள். சர்க்கரை படிந்து மணலாக இருந்தால் அது கேடல்ல, வெந்நீரில் கரைந்துவிடும். பஞ்சு போல, நூல் போல இருந்தால் பூஞ்சை. பழத்தைப் பிளந்து பார்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்று வாங்குகிறவரிடம் சொல்லி அனுப்புங்கள். உள்ளே புழு இருந்தால் மேலே தெரியாது. பழம் பளபளப்பாக இருப்பதாலேயே புதியது என்றும் நினைக்க வேண்டாம். பாகு தடவிய பழமும் பளபளக்கும், எண்ணெய் தடவிய பழைய திராட்சையும் பளபளக்கும்.

சாங்கிலி, தாஸ்கான் பக்கத்திலிருந்து வருகிற மஞ்சள் திராட்சையும், ஆரஞ்சு நிறத்தில் மின்னும் பாதாமி எனும் ஆப்ரிகாட்டும் நிறம் மாறாமல் இருக்கக் கந்தகப் புகை காட்டப்பட்டிருக்கலாம். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தால் குற்றமில்லை. ஆனால் இரைப்பு உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட பெண்ணுக்குக் கறுப்புத் திராட்சையே போதும். எதுவானாலும் இரண்டு முறை கழுவிவிட்டு ஊறவைக்கச் சொல்லுங்கள்.

குங்குமப்பூ

உலர்பழத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற கேள்வி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். குங்குமப்பூவால் குழந்தை சிவப்பாகப் பிறக்காது. தாய் தகப்பன் வழி வருகிற நிறம் அது. காஷ்மீரத்துக் குங்குமப்பூ 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற உயர்ந்த சரக்கு. பாலில் இரண்டு இழை போட்டால் மணம். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அளவு மீறினால் கர்ப்பிணிக்குக் கெடுதலும் உண்டு. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் சாயம் ஏற்றிய மக்காச்சோள நாரும் குசும்பப் பூவும். தண்ணீரில் போட்டதும் மடமடவென்று சிவப்பு இறங்கி இழை வெளுத்துப் போனால் அது போலி. நல்லது மெதுவாகப் பொன் நிறம் விடும், இழை சிவப்பாகவே நிற்கும்.

சட்டமும் வரியும் இரண்டொரு வரியில். "ரத்த விருத்திக்கு", "சுகப்பிரசவத்துக்கு" என்று நாமே சீட்டு அச்சடித்துப் பொட்டலத்தில் ஒட்டுவது உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன்படி தவறான விளம்பரம் ஆகலாம். அபராதம் பத்து லட்சம் வரை போகும். விளம்பரமும் உரிமைகோரலும் பற்றிய 2018 விதிகளும் நோயைத் தீர்க்கும் என்று உணவுப் பண்டத்தின் மேல் எழுத இடம் தரவில்லை. பொட்டலம் போடுகிறவர்கள் போட்ட தேதியும் பதிவு எண்ணும் எடையும் எழுதுவதோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் பாதாம், பிஸ்தா, பேரீச்சை, உலர் அத்தி ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அட்டாரி எல்லை மூடப்பட்டதால் ஆப்கானிஸ்தான் அத்திக்கு விலை ஏறியிருந்தது. வரி குறைந்ததை வாடிக்கையாளர் உணரவில்லை. பழைய விலையில் எடுத்த சரக்கு தீர்ந்தபின் குறைத்து விற்க வேண்டியதை ஒருவர் குறைத்தால்தான் பக்கத்துக் கடையும் குறைக்கும்.

அந்த அம்மாவிடம் வருவோம். நாங்கள் அன்று கட்டிக் கொடுத்தது: பொறுக்கிய மல்லாட்டைப் பயறு ஒரு கிலோ, பேரீச்சை அரைக் கிலோ, கறுப்புத் திராட்சை நூறு கிராம், எள்ளு கால் கிலோ, பனைவெல்லம் அரைக் கிலோ, எலுமிச்சம்பழம் நாலு. ஐந்நூறுக்குள் முடிந்தது. குங்குமப்பூ இல்லை என்றதும் முகம் சுருங்கியது. "மாத்திரையைக் குடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டோம். "அது வாந்தி வருதுன்னு எடுத்து வச்சிட்டா" என்றார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும்போது போடச் சொல்லுங்கள், டீயோடு வேண்டாம், சுண்ணாம்பு மாத்திரையோடு சேர்த்தும் வேண்டாம், அப்படியும் வாந்தி நிற்காவிட்டால் நர்சம்மாவிடம் சொன்னால் வேறு வழி பார்ப்பார்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

இரண்டு மாதம் கழித்து வளைகாப்புச் சாமான் சீட்டோடு அவரே வந்தார். நாற்பது பேருக்குக் கலவை சாதம். புளி, கடலைப்பருப்பு, நல்லெண்ணெய், துண்டு முந்திரி. மருமகளுக்கு ரத்தம் பத்தரைக்கு ஏறியிருக்கிறதாம். சீட்டின் கடைசி வரியில் குங்குமப்பூ ஒரு கிராம் என்று எழுதியிருந்தது.